கால்டர் ஹால், ஹான்ஃபோர்டு, சைபீரியா: என் தேர்வு ஏன் கால்டர் ஹால்?

ஒரே உலையில் குண்டுக்குப் புளூட்டோனியம், ஊருக்கு மின்சாரம். 1950களில் கிராஃபைட் உலைகளை (நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கிராஃபைட் என்ற கரிப்பொருளைப் பயன்படுத்தும் அணு உலைகளை) கட்டிய நாடுகள் பலவற்றுக்கும் இந்த ஆசை இருந்தது. மாணவர்களுக்கான ஓர் உரையில் அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்தவை மூன்று: பிரிட்டனின் கால்டர் ஹால், அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இருந்த ‘என்’ உலை, சைபீரியாவில் ஏடிஇ என்ற பெயரில் இருந்த சோவியத் உலைகள். நான் எடுத்தது கால்டர் ஹால்.

அளவை வைத்துப் பார்த்தால் ஹான்ஃபோர்டுதான் பெரியது. அந்த ஒரு உலையே 800 மெகாவாட்டுக்கு மேல் தந்தது. கால்டர் ஹாலின் நான்கு உலைகளும் சேர்ந்து 200 மெகாவாட் அளவுதான். ஹான்ஃபோர்டிலும் சைபீரியாவிலும் குளிர்விக்கத் தண்ணீர், கால்டர் ஹாலில் கரியமில வாயு. சரி, இவை முடிவைத் தீர்மானிப்பவை அல்ல.

தீர்மானிப்பது எரிபொருள் உலைக்குள் இருக்கும் காலம். யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கினால் கடைசியில் புளூட்டோனியம்-239 கிடைக்கிறது. அதை உள்ளேயே விட்டுவைத்தால் இன்னொரு நியூட்ரானையும் வாங்கி 240 ஆகிவிடும். இந்த 240 தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழும் என்பதால் குண்டு செய்பவர்களுக்கு அது ஆகாது. அதனால் ஆயுதத்துக்கு எரிபொருளைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும். மின்சாரத்துக்கோ நீண்ட காலம் எரித்தால்தான் கட்டுப்படியாகும். எனவே நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஆயுதத் தேவை தீர்ந்த பிறகு அந்த உலையால் மின்சாரத்துக்காக மட்டும் தொடர்ந்து ஓட முடிந்ததா?

கால்டர் ஹாலால் முடிந்தது. 1956 அக்டோபர் 17 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் அதைத் திறந்துவைத்தபோது உலகம் கொண்டாடியது மின்சாரத்தை. கட்டியதன் முதல் நோக்கம் புளூட்டோனியம். 1964 முதல் பெரும்பாலும் மின் உற்பத்திக்கேற்ற எரிபொருள் சுழற்சிக்கு மாறினார்கள். ஆயுதப் புளூட்டோனியம் எடுப்பது நின்றுவிட்டதாக 1995-இல் அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் உலைகள் ஓடி, 2003-இல்தான் மூடப்பட்டன. கட்டுமானத்தை மாற்றாமல், எரிபொருள் எடுக்கும் கால அட்டவணையை மாற்றியே இதைச் சாதித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பக்கத்திலேயே இருந்த விண்ட்ஸ்கேல் உலை 1957-இல் தீப்பிடித்ததும் நினைவுக்கு வரும். அது காற்றால் குளிர்விக்கப்பட்டது, மின்சாரமும் தரவில்லை. நியூட்ரான்கள் மோதி அதன் கிராஃபைட்டில் தேங்கிய ஆற்றலை வெளியேற்ற முயன்றபோதுதான் விபத்து நேர்ந்தது. அதைவிடச் சூடாக இயங்கிய கால்டர் ஹாலில் அந்தத் தேக்கம் குறைவு.

சைபீரியாவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. செவெர்ஸ்க், ஜெலெஸ்னோகோர்ஸ்க் உலைகளின் வெப்பத்தை நம்பி ஊர்கள் குளிர்காலத்தைக் கடத்தின. சோவியத் யூனியன் போன பிறகு புளூட்டோனியம் யாருக்கும் வேண்டாம், ஆனால் உலையை நிறுத்தினால் வீடுகள் உறைந்துவிடும். எரித்து முடித்த எரிபொருளைத் தண்ணீரில் நெடுநாள் வைக்க முடியாது, அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். அதனால் வேண்டாத புளூட்டோனியம் ஆண்டுதோறும் ஒரு டன்னுக்கு மேல் சேர்ந்துகொண்டே இருந்தது. அமெரிக்கா பணம் கொடுத்து நிலக்கரி நிலையங்களை ஏற்பாடு செய்த பிறகுதான் 2008-இல் செவெர்ஸ்க் உலைகளும், 2010-இல் கடைசி உலையும் நின்றன.

ஹான்ஃபோர்டு நடுவில் வருகிறது. மின் நிலையப் பணியைத் தொடங்கிவைக்க 1963 செப்டம்பரில் அதிபர் கென்னடியே வந்தார். 1966 முதல் மின்சாரம் கிடைத்தது. 1970களில் ஆயுதத் தரமில்லாத புளூட்டோனியமும் அங்கே எடுத்தார்கள், ஆகவே மாற முடியாத உலை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் உலை ஆயுதத் திட்டத்தின் கையில், நீராவியை வாங்கிய மின் நிலையம் வேறொருவர் கையில். 1986-இல் சோவியத் யூனியனின் செர்னோபில் உலையில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு, 1987 ஜனவரியில் நிறுத்தப்பட்ட உலை திரும்ப ஓடவில்லை. மின் நிலையமும் அதோடு முடிந்தது.

இவற்றை இயக்கியவர்களின் அன்றாடப் பாடு பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்ததுதான். கால்டர் ஹால் வகையின் குறையையும் மறைக்கக் கூடாது. எரிபொருளைச் சுற்றியிருந்த மேக்னாக்ஸ் என்ற மெக்னீசியக் கலவை தண்ணீரில் அரிக்கும், அதனால் அந்த எரிபொருளையும் மறுபதப்படுத்தி, அதாவது வேதிமுறையில் புளூட்டோனியத்தைப் பிரித்து, எடுக்க வேண்டியிருந்தது. கால்டர் ஹால் இருந்த செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் அந்த வேலை 2022 வரை நடந்தது. பிரிட்டன் வைத்திருக்கும் சுமார் 140 டன் குடிமைப் (ஆயுதத் திட்டத்தில் சேராத) புளூட்டோனியத்தில் பெரும்பங்கு இந்த வகை உலைகளிலிருந்து வந்ததுதான்.