தாய்மாமன் பெருமைக்கு 23,500 ரூபாய்: பிள்ளை வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் 23,500 ரூபாய் கொடுத்து ஒரு பிள்ளை வண்டி வாங்கினேன். அந்த வண்டி வந்த அட்டைப்பெட்டியில் கம்பெனிக்காரன் அச்சிட்டிருந்த விலை 9,990 ரூபாய். நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் கடையின் பெயரும் தெருவும் இதில் வராது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

தங்கையைக் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிள்ளை, பெண். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த அன்றே, தாய்மாமன் என்ன செய்யப் போகிறான் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. சங்கிலியும் காப்பும் அம்மா போட்டுவிட்டார். தங்கம் விற்கிற விலையில் நானும் அந்தப் பக்கம் போக வழியில்லை. மச்சான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஒருநாள் வீடியோ அழைப்பில், "இங்கே எல்லாரும் பிள்ளையை வண்டியில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அது என் மனதில் ஒட்டிக்கொண்டது. வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். எவ்வளவுக்கு வாங்குவது என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமலே பஸ் ஏறிவிட்டேன். அந்த முடிவைக் கடைக்காரர் எடுத்தார்.

கடை வாசலில் 4,000, 5,000 ரூபாய் வண்டிகள் பாலித்தீன் உறையோடு வரிசையாக நின்றன. நான் 5,500 ரூபாய் வண்டி ஒன்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு, அண்ணாச்சி?"

"தங்கை பிள்ளைக்கு."

"அப்படியென்றால் தாய்மாமன் சீர். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்?"

"ஷார்ஜாவில்."

அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த வண்டியை வாங்கி, பழைய இடத்தில் தள்ளிவிட்டார். "அது உங்களுக்குச் சரிவராது" என்றார். அந்த ஒரு நொடியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் என்னைப் பெரிய மனிதன் என்று கண்டுகொண்டார் என்று நினைத்தேன். நம் மாவட்டத்தில் மாப்பிள்ளை எங்கே வேலை என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும். கல்யாணத் தரகர் கேட்டாலும் சரி, கடைக்காரர் கேட்டாலும் சரி.

மாடியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். சாம்பல் நிற வண்டி. கைப்பிடியில் தோல் மாதிரி ஒரு உறை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வளையம், தலைக்கு மேல் குடை. "யூரோப்பியன் மாடல், அண்ணாச்சி" என்றார். ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. கிரானைட் தரையில் எந்த வண்டிதான் போகாது என்று இப்போது கேட்கிறேன், அப்போது தோன்றவில்லை. ஒரு மாதப் பிள்ளையைக் கிடத்தலாமா என்று மட்டும் கேட்டேன். "பிறந்த அன்றைக்கே கிடத்தலாம்" என்றார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் எம்.ஆர்.பி. 28,990. இருபது நிமிடம் பேரம் பேசி 23,500-க்கு இறக்கினேன். ஐயாயிரத்துக்கு மேல் குறைத்துவிட்ட வெற்றிக் களிப்பு வேறு.

பில் கேட்டபோது, "பில் போட்டால் ஜி.எஸ்.டி. தனியாக வரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதித் தந்தார். கடைப் பெயர் இல்லை, எண் இல்லை, வண்டியின் பெயர் கூட இல்லை. 10,000 ரூபாயை யு.பி.ஐ. மூலமும் 13,500 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தேன். யு.பி.ஐ.யில் பணம் போன பெயர் கடையின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே விரலை அழுத்தினேன். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று யாரும் ஒரு பைசா சேர்க்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் தினமும் படிக்கிற வரி அது.

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. கோயில் முற்றத்தில் எல்லாரும் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். தங்கையின் மாமியார், "எவ்வளவு மக்களே?" என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். சொல்லத்தானே வாங்கினேன்.

அதன் பிறகு வண்டி ஓட வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். தங்கை வீட்டு வாசலில் மூன்று படி. படி இறங்கினால் கடல்மணல் கலந்த ஒழுங்கை. அதைத் தாண்டினால் காங்கிரீட் சாலை, அது குருசடி (சிலுவை நிற்கும் சின்ன ஆலயம்) வரை சரிவாக இறங்கும். பிறகு பஸ் போகிற ரோடு. அதில் நடைபாதை என்ற ஒன்றே கிடையாது. நான் வாங்கிய வண்டியின் முன்சக்கரங்கள் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. மணலில் நாலு அடி போனதும் புதைந்து நின்றுகொண்டன. பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் எப்படிப்பட்டது என்று தெரியுமே. கருமணல் அச்சில் இருந்த கிரீஸில் அப்பி, மூன்றாம் வாரத்தில் வலது சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஆனி மாத மழையும் உப்புக் காற்றும் சேர்ந்து, 'அலுமினியம்' என்று சொல்லி விற்ற சட்டத்தின் மூட்டுகளில் செந்துரு பூத்தது. அலுமினியம் எந்த ஊரில் செந்துரு பிடிக்கும்?

இவையெல்லாம் என் முட்டாள்தனத்துக்கான தண்டனை என்று விட்டிருப்பேன். பிரேக்கைத்தான் விட முடியவில்லை. பின்சக்கரத்துப் பக்கத்தில் காலால் மிதிக்கிற கட்டை. மிதித்தால் ஒரு முளை, சக்கரத்தின் பல்லில் போய் விழ வேண்டும். இடது பக்கம் விழுந்தது. வலது பக்கம் பல்லின் மேல் உட்கார்ந்துகொண்டது, உள்ளே இறங்கவில்லை. வெளியே பார்த்தால் இரண்டு பக்கமும் பூட்டிய மாதிரியே தெரியும். ஒரு சாயங்காலம் தங்கை பிரேக்கை மிதித்துவிட்டு, குடையை விரிக்க ஒரு கையை எடுத்திருக்கிறாள். வண்டி இடது சக்கரத்தைச் சுற்றித் திரும்பி, பூட்டு நழுவி, பிள்ளையோடு சரிவில் இறங்கியது. எதிரே வந்த மாமியார் காலைக் குறுக்கே வைத்து நிறுத்தினார். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. பிள்ளை விழிக்கக்கூட இல்லை.

அந்த வாரமே ஆறாவது வாரத் தடுப்பூசி. வண்டியைப் பார்த்த குழந்தை மருத்துவர், இருக்கையை முழுவதும் சாய்க்கச் சொன்னார். அது பாதியில் நின்றது. கழுத்து நிற்காத பிள்ளையை இப்படிச் சாய்ந்த நிலையில் வைத்தால் தாடை மார்பில் கவிழ்ந்து மூச்சு வழி அடைபடலாம், தானாக உட்காரும் வயது வரை மட்டமாகக் கிடத்துகிற வண்டிதான் வேண்டும் என்றார். கடையில் பிறந்த அன்றைக்கே கிடத்தலாம் என்று சொன்னார்களே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். வாங்கி இருபத்தாறு நாள். முதலில் என்னை யாரென்றே தெரியவில்லை. எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன், "இது எங்கள் சீட்டு என்று எங்கே இருக்கிறது?" என்றார். யு.பி.ஐ. பதிவைக் காட்டியதும் நினைவு வந்தது. "பிள்ளை வண்டியை இறக்கத்தில் நிறுத்தச் சொன்னது யார், அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி மட்டும் கடைசி வரை குறையவில்லை. பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம், கம்பெனிக்குப் போன் செய்யுங்கள் என்றார். ஸ்டிக்கரில் இருந்த போன் எண்ணை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான் இருந்தது.

தங்கை அந்தப் பெட்டியைப் பரணில் வைத்து, பிள்ளையின் பழைய துணிகளைப் போட்டு வைத்திருந்தாள். நல்லவேளை. ஸ்டிக்கரின் ஒரு மூலை மழை ஈரத்தில் லேசாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் அட்டையும் சேர்ந்து வந்தது. மாமியார் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். விரலில் தொட்டுத் தொட்டுத் தடவி, ஊறவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உருட்டினேன். முதலில் ஒரு 9 தெரிந்தது. பிறகு இன்னொரு 9. பிறகு இன்னொன்று, கடைசியில் ஒரு பூஜ்யம். அதற்குக் கீழே தயாரிப்பு நாடு சீனா, இறக்குமதி 2021. அதற்கும் கீழே, '6 மாதம் முதல் 36 மாதம் வரை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விலையை மறைத்தது பேராசை. அந்த வயது வரியை மறைத்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்ன பிறகுதான் சில விஷயங்கள் தெரிந்தன. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. இதைப் பற்றித் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம். எடையளவுச் சட்டம் தமிழ்நாட்டில் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் விற்பது நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் எழுதியில்லாவிட்டால் 30 நாள் கணக்கு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பிறகு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ். தபால் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டு 8,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மாமியாரின் நகத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நானும் நம்பியவன்தான். இந்தக் கோபத்தில் இரவெல்லாம் தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது: உலகெங்கும் பெயர்பெற்ற ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு 2009-இல் திரும்பப்பெறும் அறிவிப்பு கொடுத்திருக்கிறது. மடக்குகிற கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளை எட்டத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது வண்டியை மார்த்தாண்டத்தில் வாங்கினோம். இந்த முறை தங்கையும் கூட வந்தாள், முடிவும் அவளுடையது. புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிள்ளை தூங்குவது சேலைத் தொட்டிலில். ஆஸ்பத்திரிக்குப் போவது ஆட்டோவில். வண்டி தேவைப்படுவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வாரத்தில் மூன்று நாலு சாயங்காலம் காற்று வாங்கவும். பிள்ளை ஓடத் தொடங்கினால் அதுவும் இருக்காது. இதற்கு 8,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். பெரிய சக்கரம், மட்டமாகச் சாயும் இருக்கை, ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டுகிற பிரேக், தோள் இரண்டு இடுப்பு இரண்டு கால் நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட். அவ்வளவுதான் பட்டியல். போகிற வழியில் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று வாங்கிக்கொண்டோம். அதை வண்டியில் வைத்து, பிரேக்கை மிதித்து, கடை வாசல் சரிவில் நிறுத்தித் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கடைப் பெண் சிரித்தார், தடுக்கவில்லை. "மாப்பிள்ளை எங்கே வேலை?" என்று இங்கேயும் கேட்டார்கள். "ஊரில்தான், சும்மா இருக்கிறார்" என்றாள் தங்கை. 7,400 ரூபாய், பில்லோடு.

பழைய வண்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. பெட்டியை எலி கடிக்காமல் இருக்கப் பாலித்தீனில் சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறையோடு ஒரு பக்கம் 9,990, இன்னொரு பக்கம் உரியாமல் நிற்கும் பாதி ஸ்டிக்கர். அடுத்த வாய்தா வரை அதைத் தொடக் கூடாது என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.