குரைக்காத நாய்க்கு ஒரு குரைப்புக் கேமரா: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள் மாலை வேலை முடிந்து வீடு திரும்பியபோது, கதவின் தபால் துவாரம் வழியாக யாரோ போட்டிருந்த ஒரு துண்டுச் சீட்டு கால்மிதியின் மேல் கிடந்தது. கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் முதிய பெண்மணி எழுதியது அது. காலை ஒன்பது மணிவாக்கில் எங்கள் வீட்டில் குழந்தை ஒன்று கதறி அழுவதுபோல் கேட்பதாகவும், எல்லோரும் நலமாக இருக்கிறோமா என்றும் மிகவும் தயங்கித் தயங்கி விசாரித்திருந்தார். எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. மூன்று வயதான, ஒன்பதரை கிலோ எடையுள்ள, செம்பழுப்பும் வெள்ளையுமான, பசென்ஜி இனத்துப் பெண் நாய் ஒன்று மட்டும் இருக்கிறாள். நிறத்தை வைத்து அவளுக்குச் செவலை என்று பெயரிட்டிருக்கிறோம்.

நானும் என் கணவரும் லண்டனின் வடமேற்குப் பகுதியில் இரண்டாம் தளத்து வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். பசென்ஜி குரைக்காத இனம் என்பதால் அடுக்ககத்துக்கு ஏற்றது என்று பலர் சொல்லக் கேட்டு, அதை நம்பியே அவளை வாங்கினோம். ஆகவே, நாங்கள் இல்லாத நேரத்தில் அவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள, செல்லப்பிராணிகளுக்கென்று விற்கப்படும் ஒரு கேமராவை 42 பவுண்டுக்கு வாங்கினேன். அதன் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது ‘குரைப்பு அறிவிப்பு’ என்னும் வசதி. நாய் குரைத்தவுடன் கைப்பேசிக்குச் செய்தி வரும், உடனே படத்தைப் பார்க்கலாம், அங்கிருந்தே நாயிடம் பேசவும் செய்யலாம். இந்த அறிவிப்புகளுக்கு மட்டும் மாதம் நான்கு பவுண்டு சந்தா தனியாகக் கட்ட வேண்டும்.

மூன்று மாதங்களில் எனக்கு வந்த குரைப்பு அறிவிப்புகள் மொத்தம் பதினொன்று. ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தேன். ஏழு, சுவருக்கு அப்பாலுள்ள வீட்டு டெரியர் நாயுடையவை. மூன்று, தபால்காரர் கடிதங்களைத் தள்ளிவிட்டபின் துவாரத்து மூடி படீரென்று அடித்துக்கொண்ட ஓசை. மீதமுள்ள ஒன்று, விருந்துக்கு வந்திருந்த என் தங்கையின் சிரிப்பு. செவலையின் குரலுக்காக ஓர் அறிவிப்புகூட வரவில்லை. அவள் வாய் திறக்கவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மெமரி கார்டில் அவளுடைய குரல் மணிக்கணக்கில் பதிவாகியிருந்தது.

இந்தத் தோல்விக்கான காரணம் எளியது. குரைப்பு என்பது திடீரென்று வெடித்து உடனே அடங்கி, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் ஒலி. கருவி தேடுவது அந்த அடுக்கைத்தான். பசென்ஜியால் குரைக்கவே முடியாது என்று நினைப்பது தவறு. குரைக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு முறை. ஒருநாள் விடியற்காலையில் பின்புறத் தோட்டச் சுவரின்மீது நரி ஒன்று நடந்துபோனதைச் சன்னல் வழியே பார்த்த செவலை, கனமாக ஒரே ஒரு ‘வுஃப்’ போட்டுவிட்டு, அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை என்பதுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதிவில் அது தெளிவாக இருக்கிறது. கேமரா அதைப் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் பசென்ஜியையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்து இனப்பெருக்கம் செய்து, குட்டிகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். கலப்புக் குட்டிகள் குரைப்பதில் காக்கர் பக்கமே சாய்ந்திருந்தன. குரைப்பதற்குத் தேவையான தூண்டுதலின் அளவு பசென்ஜிக்கு மிக உயரத்தில் இருக்கிறது என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். குரல்வளையின் அமைப்பு மற்ற நாய்களிலிருந்து சற்று வேறுபடுவதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகைக் காடுகளில், விலங்குகளை வலைகளை நோக்கி விரட்ட இந்த நாய்களைப் பழக்கியிருந்தார்கள். அவை சத்தமில்லாமல் ஓடியதால், எங்கே போகின்றன என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிவதற்காகக் கழுத்தில் மணி கட்டிவிடும் வழக்கம் இருந்தது. 42 பவுண்டு கேமராவைவிட அந்த மணி பொருத்தமான கருவி என்று எனக்கு அடிக்கடித் தோன்றியிருக்கிறது. இங்கிலாந்துக்கு இந்த இனம் முதலில் 1895இல் வந்தது. க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் காட்டப்பட்ட அந்த நாய்கள் விரைவிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டன. 1937இல் அதே கண்காட்சியில் மீண்டும் காட்டப்பட்டபோது, குரைக்காத நாயைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. பிரிட்டனின் கென்னல் கிளப் வகுத்துள்ள இனத்தர விதிகளே இந்நாய் குரைக்காதது, ஆனால் ஊமையல்ல என்றும், களிப்புச் சிரிப்பும் யோடல் பாட்டும் கலந்த தனி ஒலி இதற்கு உண்டென்றும் கூறுகின்றன. அந்த வரியின் முற்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நாயை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டில் அவள் எழுப்பும் ஒலிகளைத் தெரிந்துகொண்டால்தான் இப்படிப்பட்ட கருவியை எடைபோட முடியும். பசென்ஜி வளர்ப்பவர்கள் ‘பாரூ’ என்று அழைக்கும் யோடல்தான் இவற்றுள் புகழ்பெற்றது. அடித்தொண்டையில் தொடங்கி, வளைந்து மேலேறி, நடுவில் ஒருமுறை உடைந்து, மறுபடியும் கீழே இறங்கும். கச்சேரி தொடங்குமுன் நாகசுரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்க்கும்போது எழும் ஓசையை நினைவுபடுத்தும் ஒலி அது. நாங்கள் வீடு திரும்பும்போதும், உணவுத் தட்டைக் கையில் எடுக்கும்போதும், முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தபடி இதைப் பாடுவாள். மதுரையிலிருக்கும் என் அம்மா காணொளி அழைப்பில் முதல் தடவை இதைக் கேட்டபோது முகம் மாறிவிட்டார்.

“விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள நாய் ஊளையிடலாமாடி? முதல்ல அதட்டி நிறுத்து.”

“ஊளை இல்லம்மா, சோத்துத் தட்டைப் பார்த்துட்டா. சந்தோஷத்துல பாடுறா.”

அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கேமராவைப் பொறுத்தவரை இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பாரூ மகிழ்ச்சியின் ஒலி என்பதால், நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது அநேகமாக எழுவதே இல்லை. மூன்று மாதப் பதிவுகளில் நான் கேட்ட பாரூ அத்தனையும் கதவில் சாவி திரும்பும் ஓசைக்கு அடுத்த நொடியில் தொடங்கியவை.

தனிமையில் எழுவன வேறு ஒலிகள். நாங்கள் கதவைப் பூட்டியதும் மெல்லிய முனகல் ஆரம்பிக்கும். நாலைந்து நிமிடங்களில் அது ஒரு நீண்ட கேவலாகும். பிறகு சில நாட்களில் மட்டும் அந்த அலறல் வரும்: கூர்மையாக, ஒரே மூச்சில், முடிவில் விம்மி உடையும்படி. கீழ்வீட்டுப் பெண்மணி குழந்தை என்று நினைத்ததில் வியப்பே இல்லை. முதல் பதிவைக் கேட்டபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. இருபது நிமிடங்களுக்குள் அது ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பின் பூனையைப்போல் பாதங்களை நக்கித் துடைக்கும் ஈரமான சத்தம், ஓசையோடு கூடிய நீண்ட கொட்டாவி, போர்வை விலகிக் குளிர் பட்டால் கிழவிபோல் ஒரு முணுமுணுப்பு, உறக்கத்தில் மெல்லிய சீழ்க்கை ஆகியவைதான் பிற்பகல் முழுவதும். இந்தச் சிறு ஒலிகளைத் துல்லியமாகப் பிடித்துத் தந்த ஒலிவாங்கியைப் பாராட்டியே ஆக வேண்டும். இருட்டிலும் படம் தெளிவாகவே இருக்கிறது.

பேசும் வசதியை நான் இரண்டே முறை பயன்படுத்தினேன். அலறலின் நடுவே “செவலை, அம்மா வந்துருவேண்டா” என்று சொன்னேன். அவள் சட்டென்று அடங்கி, நெற்றிச் சுருக்கங்கள் ஆழ்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என்னைத் தேடிக் கட்டிலுக்கு அடியிலும் குளியலறைக் கதவருகிலும் முகர்ந்து திரிந்துவிட்டு, முன்பைவிட உரக்க ஆரம்பித்தாள். இரண்டாம் முறை புத்தக அலமாரியின் மேல்தட்டு வரை ஏறிவந்து, குரல் வந்த இடத்தையே பாதத்தால் தட்டிக் கீழே தள்ளினாள். அதற்குப் பின் கேமராவைச் சுவரில் திருகாணி போட்டுப் பொருத்தினோம்.

பயன்படும் வழி தற்செயலாகக் கிடைத்தது. செயலியின் அமைப்புகளில், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கென்று ‘குழந்தை அழுகை’ என்ற தெரிவு ஒன்று அணைந்து கிடந்தது. சீட்டில் எழுதியிருந்தது நினைவுக்கு வரவே, அதை இயக்கி வைத்தேன். மறுநாள் காலை ஒன்பதே கால் மணிக்கு, அலுவலகக் கூட்டத்தின் நடுவே, மேசைமேல் இருந்த கைப்பேசியில் ‘உங்கள் குழந்தை அழுகிறது’ என்ற செய்தி மின்னியது. அருகிலிருந்த சக ஊழியர் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், உடனே வீட்டுக்குக் கிளம்பும்படி சொன்னார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. ஆனால் அன்று முதல் அலறல்களில் பெரும்பாலானவை தவறாமல் அறிவிப்பாக வருகின்றன. முனகலும் கேவலும் இன்னும் அதன் காதில் விழுவதில்லை.

இந்த அறிவிப்புகளின் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்துப் பார்த்ததில், காலை நடையை மழைக்குப் பயந்து பாதியில் முடித்த நாட்களில்தான் அவள் அலறுகிறாள் என்பது தெரிந்தது. மழையில் நனைவதை அவள் அறவே வெறுப்பவள் என்பதால், அப்படிப்பட்ட நாட்களில் இப்போது கூடத்திலேயே அரைமணி நேரம் துணிப்பொம்மையை இழுத்து விளையாடிவிட்டுக் கிளம்புகிறோம். கீழ்வீட்டுப் பெண்மணிக்கும் செவலையை நேரில் காட்டி, பாரூவையும் கேட்கச் செய்தோம். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பசென்ஜி வளர்ப்பவர்கள் இவ்வகைக் கேமரா வாங்குவதாயிருந்தால், குரைப்பு அறிவிப்புக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஒலியின் அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினாலே, அது எந்த ஒலியானாலும், செய்தி அனுப்பும் வசதி இருக்கிறதா, மெமரி கார்டில் இடைவிடாமல் பதிவாகுமா என்ற இரண்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். அழுகை அறிவிப்பு இருந்தால் நல்லது. பேசும் வசதியை அணைத்தே வையுங்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். அதில் இரண்டு ஒலிவாங்கிக்கும், ஒன்று அந்த அழுகைத் தெரிவுக்கும். என் கருவியில் அழுகை அறிவிப்பும் அதே சந்தாவுக்குள் அடங்குவதால், மாதம் நான்கு பவுண்டை முணுமுணுத்துக்கொண்டே கட்டிவருகிறேன்.