நாய்க்குட்டிச் சாப்பாட்டில் கலக்கும் சத்துப் பவுடர்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டிலேயே சமைத்து நாய்க்குட்டிக்குப் போடுகிறவர்களும், இனிமேல் போடலாம் என்று யோசிப்பவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஏமாந்தது நான். வலியைத் தாங்கியது எங்கள் சிட்டு.

சிட்டு எங்களிடம் வரும்போது இரண்டரை மாதக் குட்டி. கடைத் தீவனம் வேண்டாம், நம் கையால் சமைத்துப் போடுவோம் என்று ஆசைப்பட்டேன். எலும்பில்லாத கோழி, சோறு, கேரட், வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் ஈரல். இவை மட்டும் ஒரு குட்டிக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தேடிப் பிடித்து, வீட்டுச் சாப்பாட்டில் கலப்பதற்கென்றே விற்கும் ஒரு சத்துப் பவுடரை ஆன்லைனில் வாங்கினேன். "வீட்டு உணவை முழுமையாக்கும்" என்று டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே முப்பதுக்கு மேல் பெயர்கள்: கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ என்று நீண்டுகொண்டே போனது. ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் போதுமாம். வாங்குவதற்கு முன் விற்பவர்களிடம் கேட்கவும் செய்தேன், "வளர்ற குட்டிக்கு இது போதுமா, வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்று. "ஒண்ணுமே வேண்டாம் மேடம், எல்லாம் இதுலயே இருக்கு" என்றார்கள்.

அந்தப் பட்டியலில் பெயர்கள்தான் இருந்தன. எது எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. அது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

ஆறேழு வாரம் கழிந்திருக்கும். காலையில் எழுந்ததும் சிட்டு முன்னங்காலை ஊன்றத் தயங்கினாள். விளையாடும்போது பிசகியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் தூக்கினாலே கத்த ஆரம்பித்தாள். படியைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள். நிற்கும்போது பாதங்கள் தட்டையாக விரிந்து, கால் லேசாக வெளிப்பக்கம் வளைந்த மாதிரி தெரிந்தது. பவுடர் விற்றவர்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். வளரும்போது இப்படி வருவது சகஜம், ஸ்பூனை இரண்டாக்கி, கூடவே தினமும் மீன் ஈரல் எண்ணெயும் ஊற்றுங்கள் என்று சொன்னார்கள். அந்த எண்ணெயையும் அவர்களே விற்கிறார்கள். அதையும் வாங்கினேன். ஐந்து நாள் கொடுத்தேன். இதை எழுதும்போதுகூட மனசு பதறுகிறது.

ஆறாம் நாள் சோபாவிலிருந்து இறங்கியவள் அலறினாள். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் முன்னங்கால் எலும்பில் விரிசல். டாக்டர் அதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டினார். எலும்பின் ஓரம் வெள்ளையாக, தடித்த கோடு போலத் தெரிய வேண்டும்; சிட்டுவின் எலும்பு பக்கத்துச் சதை போலவே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. "என்னம்மா சாப்பாடு போடுறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் சொல்லிப் புரிந்துகொண்டது இது. எலும்பில்லாத கோழி 100 கிராமில் கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம்தான் இருக்கும். பாஸ்பரஸோ 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நாய்க்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் குறைந்தது ஒரு பங்கு, அதிகபட்சம் இரண்டு பங்கு. சாப்பாட்டில் கால்சியம் வராதபோது, ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடாமல் காக்க பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். சிட்டுவின் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியான அளவில்தான் இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் "எல்லாம் நார்மல்" என்று வீட்டுக்குத் திரும்பியிருப்போம். குட்டி நொண்டினால் ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடாதீர்கள், எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள்.

பவுடரில் கால்சியம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விற்றவர்களுக்கு எழுதினேன். "அது எங்கள் தனிப்பட்ட தயாரிப்பு முறை, வெளியில் சொல்ல முடியாது" என்றார்கள். குட்டிக்கு எலும்பு உடைந்திருக்கிறது, மருத்துவர் கேட்கிறார் என்று மூன்றாவது தடவை எழுதிய பிறகுதான் ஓர் எண் வந்தது: ஒரு ஸ்பூனுக்கு 120 மில்லிகிராம்.

வளரும் குட்டிக்கு 1000 கலோரி சாப்பாட்டுக்கு சுமார் 3 கிராம் கால்சியம் வேண்டும். சிட்டு அப்போது தினமும் 800 கலோரி அளவுக்குச் சாப்பிட்டாள். அப்படியென்றால் அவளுக்கு வேண்டியது 2400 மில்லிகிராம். பவுடர் கொடுத்தது அதில் இருபதில் ஒரு பங்கு. சரி, இருபது ஸ்பூன் போட்டிருந்தால்? அதுவும் ஆபத்துதான். அதே பவுடரில் வைட்டமின் டியும் இருக்கிறது, அதுவும் இருபது மடங்காகும். தேவைக்கு மேல் போகும் வைட்டமின் டி சிறுநீரில் வெளியேறிவிடாது, உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி சிறுநீரகத்தைக் கெடுக்கும். மீன் ஈரல் எண்ணெயை டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். அதில் வைட்டமின் ஏயும் நிறைய. ஈரல் வேறு போட்டுக்கொண்டிருந்தேன். வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவும் எலும்பைத்தான் பாதிக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினார்கள்: "இது துணை உணவு மட்டுமே." முன்பக்கம் "முழுமையாக்கும்", அடிப்பக்கம் "துணை மட்டுமே". குட்டி எங்கேயாவது விழுந்திருக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

அதனால் இப்படி ஒரு டப்பா உங்கள் கையில் இருந்தால், முதலில் ஒரு ஸ்பூனுக்குக் கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் ஏ, டி, ஈ ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எண் போட்டிருக்கிறதா பாருங்கள். எண் இல்லையா, வாங்காதீர்கள். எந்த எடைக்கும் எந்த வயதுக்கும் ஒரே ஸ்பூன் என்றால் அதுவும் வேண்டாம். வளர்ந்த நாய்க்குத் தாங்குகிற குறை, குட்டியை ஒரு மாதத்தில் படுக்க வைத்துவிடும். மனிதர்களுக்கான சத்து மாத்திரையை உடைத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். சிலவற்றில், முக்கியமாக மெல்லும் வகைகளில், இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கிறார்கள். நாய்க்கு அது கொஞ்சம் போனாலே சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும், கல்லீரலும் போகலாம்.

முட்டை ஓட்டுப் பொடி போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது நல்ல கால்சியம்தான். ஒரு கிராமில் கிட்டத்தட்ட 380 மில்லிகிராம் கிடைக்கும். ஆனால் துத்தநாகமோ அயோடினோ வைட்டமின் டியோ அதிலிருந்து வராது. வெயிலில் படுத்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதும் நாய் விஷயத்தில் சரியில்லை. நம் தோல் மாதிரி அதன் தோலால் போதிய அளவு தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், வளர்ந்த நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. பாசத்தோடு சமைக்கிறோம் என்பதால் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. கால்நடை உணவியல் தெரிந்த மருத்துவரிடம் குட்டியின் எடையையும் வயதையும் சொல்லி, கிராம் கணக்கில் எழுதி வாங்குங்கள். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது.

சிட்டுவை ஆறு வாரம் கூண்டில் வைத்திருந்தோம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. நாலு மாதக் குட்டிக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கம்பி வழியாக மூக்கை நீட்டி எங்களையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். சாப்பாட்டை டாக்டர் முழுவதும் மாற்றிக் கொடுத்தார். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, விரிசலும் ஒட்டிச் சேர்ந்துவிட்டது. இடது முன்னங்காலின் வளைவு மட்டும் முழுதாக நிமிராது என்கிறார் டாக்டர். நேற்று முதல் தடவையாக, கயிற்றைப் பிடித்தபடி வாசல் வரை நடத்திக் கூட்டிப் போனேன்.