பிட்கொயினுக்குச் சாத்திரம் சொல்லும் பிராஃபெட்

பைத்தான் ஓரளவு தெரிந்தவர் பிராஃபெட்டை ஒரே மாலையில் பழகிவிடலாம். பேஸ்புக் 2017இல் இலவசமாக வெளியிட்ட முன்கணிப்புக் கருவி இது. உலாவியில் நிரல் ஓட்டும் கூகுள் கொலாபிலேயே ஓடும், பெரிய கணினி தேவையில்லை. அட்டவணையில் திகதிக்கு ஒரு நிரல், அளவுக்கு ஒரு நிரல் கொடுத்தால், போக்கு வேறு, வார ஏற்ற இறக்கம் வேறு, வருட ஏற்ற இறக்கம் வேறு என்று பிரித்துப் படம் போட்டுத் தரும். புறக்கோட்டையில் எங்கள் மொத்தக் கடை விற்பனைக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். போயா நாட்களையும் தீபாவளியையும் கையால் அட்டவணையாகச் சேர்த்த பிறகு, சித்திரை வருடப்பிறப்புக்கு எவ்வளவு சீனி, பருப்பு இறக்குவது என்ற தலையிடி பாதி குறைந்தது.

அதை நம்பித்தான் அக்காவின் மகன் வெள்ளவத்தையிலிருந்து மடிக்கணினியோடு வந்தான். "மாமா, பிட்கொயின் மேல போகும் எண்டு காட்டுது. வாங்கட்டோ?"

பார்த்தால், விலையை ரூபாவில் போட்டிருந்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே நடுவில் 360ஐத் தொட்டது. டொலரில் விழுந்துகொண்டிருந்த பிட்கொயின் ரூபாவில் ஏறுவதாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். நம் மத்திய வங்கி அந்த ஏப்ரலில் வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியதும் அந்த ரூபா நெருக்கடியில்தான். பிராஃபெட்டுக்கு இதெல்லாம் தெரியாது, கொடுத்த எண்ணை மட்டும் பார்க்கும்.

சரி, டொலருக்கு மாற்றினோம். 2020 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை கொடுத்து, அடுத்த ஒரு வருடத்தைக் கேட்டோம். அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியைக் கூட்டத் தொடங்கியது 2022 மார்ச்சில். பிராஃபெட்டோ, நாம் மாற்றாவிட்டால், தரவின் முதல் 80 சதவீதத்துக்குள் மட்டும்தான் போக்கு திரும்பும் இடங்களைத் தேடும். இங்கே அது 2021 டிசம்பரோடு முடிகிறது. மார்ச் வட்டி உயர்வு, மே மாதம் டெரா என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் சரிவு, ஜூன் வீழ்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டை முன்னுக்கு நீட்டியபோது விலை பூச்சியத்துக்கும் கீழே போனது! மடக்கை எடுத்துப் பொருத்தினால் அந்தக் கூத்து நிற்கும், ஆனால் விலை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நீலப்பட்டை அகன்று எந்த விலையையும் உள்ளே விழுத்திவிடும்.

அப்புறம் வட்டி வீதத்தையே துணை மாறியாகச் சேர்த்தோம். சென்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் நாளாந்த வீதம் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கேதான் கருவியின் உண்மையான குணம் தெரிகிறது: முன்கணிப்புக் காலத்துக்கான வட்டியையும் நாமே தர வேண்டும். பெடரல் ரிசர்வ் அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்தவன் எங்களிடம் வந்து ஏன் கேட்கிறான்?

பழைய காலம்தானே என்று, நடந்த வட்டியையே கொடுத்துப் பார்த்தோம். வட்டி ஏறினால் விலை இறங்கும் என்று பழைய தரவில் படித்துக்கொண்ட பிராஃபெட், விலையைக் கீழே இழுத்தது. நடந்தது என்ன? 2022 ஜூனில் 1.50–1.75 சதவீதமாக இருந்த வட்டி, மறு ஜூனில் 5.00–5.25. பிட்கொயினோ ஏறத்தாழ 20,000 டொலரிலிருந்து 30,000க்கு வந்தது. விடையைக் கையில் கொடுத்தும் பாடம் பிழையாகிவிட்டது.

பெடரல் ரிசர்வ் வட்டியைத் தீர்மானிக்கும் கூட்ட நாட்களைப் போயா மாதிரி விடுமுறை அட்டவணையில் போடலாம் என்று மருமகன் சொன்னான். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரே பெயரில் போட்டால், வட்டி கூட்டிய நாளுக்கும் குறைத்த நாளுக்கும் ஒரே சராசரி விளைவு. இரண்டு பெயர் வைத்தால், வரப்போகும் கூட்டம் எந்தப் பெயர் என்று மறுபடி நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, அறிவிப்பு கொழும்பு நேரப்படி அமெரிக்கக் கோடையில் இரவு 11.30க்கும் குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30க்கும் வரும். தரவிலுள்ள நாளோ கிரீனிச் கணக்கு, நமக்கு விடிய 5.30க்குத்தான் முடிகிறது. திகதியைக் கொழும்புக் கணக்கில் பதிந்தால் சில கூட்டங்கள் ஒரு நாள் தள்ளிப்போகும்.

கடைக் கணக்குக்கு 5க்கு 4 தருவேன். பிட்கொயினுக்கு 1, அதுவும் படம் வடிவாக இருப்பதற்கு. வட்டி இவ்வளவு குறைந்தால், அவ்வளவு குறைந்தால் என்று வைத்துப் பார்க்கும் விளையாட்டுக்குச் சரி. முயல்பவர்கள் "இன்றைய விலையே நாளைக்கும்" என்ற சும்மா கணிப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கோட்டையும் நம்ப வேண்டாம். பழைய பாடங்களில் வரும் எஃப்பிபிராஃபெட் என்ற பெயரில் நிறுவவும் வேண்டாம், 2021இலிருந்து பெயர் வெறும் பிராஃபெட்தான்.