தசை இறுக்கத்துக்கு மாத்திரையா, ஊசியா?

வளரும் மூளையில் நேர்ந்த பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தசை இறுக்கம் இருக்கும். அந்தப் பாதிப்பை மாற்ற முடியாவிட்டாலும், இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரையும் போட்டுலினம் ஊசியும் உதவுகின்றன. தண்டுவடத்தில் செயல்படும் பேக்லோஃபென் உடல் முழுவதையும் தளர்த்துவதால், கை, கால், இடுப்பு என எங்கும் இறுக்கம் பரவிய குழந்தைக்கு ஏற்றது, விலையும் குறைவு. ஆனால் தூக்கக் கலக்கம் தரும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

ஊசியோ போட்ட தசையை மட்டுமே தளர்த்தும். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்குக் கெண்டைக்கால் தசையில் போட்டால், சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கி ஏறத்தாழ 3 மாதம் நீடிக்கும். அதற்குள் பிசியோதெரபியையும், காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டையும் விட்டுவிட்டால், செலவழித்த பணம் பெரும்பாலும் வீண்தான் என்பேன். ஓரிரு தசைகளில் மட்டும் இறுக்கமிருந்தால், மருத்துவரிடம் ஊசியைப் பற்றியே முதலில் கேட்கலாம்.