புதுப் பாட்டுக்கு யார் காதை நம்பலாம்?

மதுரையில் சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு போடும் பேண்டுகளுக்கு மேடை கிடைப்பதே கஷ்டம். அதைவிடக் கஷ்டம், போட்ட பாட்டைக் கேட்டுவிட்டு உருப்படியாக நாலு வார்த்தை சொல்ல ஆள் கிடைப்பது. எங்கள் பேண்டில் பேஸ் கிட்டார் என்னுடையது, பதிவு செய்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கும் என் தலையில்தான். ஃபங்க் வாடை அடிக்கும் பாப் பாட்டுகள் போடுகிறோம். கிட்டார் கம்பியை முழுசாக அதிர விடாமல் வெட்டி வெட்டி வாசிப்போம், பேஸ் முன்னால் நிற்கும், வரிகள் தமிழில். அப்படி ஒரு பாட்டை இரண்டு விதமாக மிக்ஸ் செய்து பலரிடமும் கொடுத்துப் பார்த்தோம். யார் பேச்சு எதற்கு உதவும் என்பது அதில் ஓரளவு பிடிபட்டது.

ஒரு மிக்ஸில் பேஸும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) தூக்கல், குரல் கொஞ்சம் உள்ளே. இன்னொன்றில் குரல் முன்னால், பேஸ் அடக்கம். கோப்புக்கு 'புதுசு', 'ஃபைனல்' என்று பெயர் வைத்தால் கேட்பவர் அதைத்தான் நல்லது என்பார். அதனால் பேஸ் தூக்கலானதற்கு 'மல்லி', மற்றதற்குக் 'கனகாம்பரம்'. அப்புறம் இரண்டின் சத்தத்தையும் சமமாக்கியாக வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலும் யாரும் 'சத்தமா இருக்கு' என்று சொல்ல மாட்டார்கள், 'இது தெளிவா இருக்கு' என்பார்கள். இந்த இரண்டு வேலையும் முடியாமல் யாரிடமும் கருத்து கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

நண்பர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், சொல்வதில் பாதி வீண். 'செம மாப்ள', 'வேற லெவல்', நாலு தீ எமோஜி. பாட்டுக்கு வந்த பதில் இல்லை இது, நமக்கு வந்தது. அவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து டீக்கடையில் பார்க்கும்போது, "அந்தப் பல்லவியை ஒரு வாட்டி முணுமுணு பார்ப்போம்" என்பேன். வந்தால் பாஸ். முழித்தால் மெட்டில் வேலை பாக்கி இருக்கிறது. அதற்குமேல் அவர்களிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

சொந்தக்காரர்களை நாங்கள் முதலில் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் பெரியம்மா ஒரே கேள்வியில் பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார்: "ஏப்பா, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" நிமிடத்துக்கு 104 தட்டு வேகத்தில் எட்டு பார் (பாருக்கு நாலு தட்டு) முன்னிசை என்றால் பதினெட்டு நொடிக்கு மேல். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து தரும் க்ரூவ் காதில் உட்கார நேரம் வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஸ்பாட்டிஃபையில் 30 நொடியாவது ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் குரலே இல்லாமல் கழிந்துவிடுகிறது.

எந்த நொடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்று காட்டும் யூடியூபின் பார்வையாளர் வரைபடத்திலும் கோடு அங்கேதான் சரிந்தது. ஆனால் ஏன் சரிந்தது என்று கோடு சொல்லாது, பெரியம்மா சொல்வார். எங்களைப் போன்ற சின்ன பேண்டுக்கு இந்த எண்களால் வேறு பெரிய லாபமும் இல்லை. கேட்டவர்களில் கணிசமானவர்கள் அத்தை மகன்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னும்போது, எத்தனை சதவீதம் பேர் கடைசிவரை கேட்டார்கள் என்பதை வைத்து என்ன முடிவெடுப்பது? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்துக்குள் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் ராயல்டியே. அதுவரை எண்களைத் தினமும் திறந்து பார்ப்பது வயிற்றெரிச்சலுக்குத்தான்.

உண்மையான சண்டை போனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில்தான். மல்லியைப் போன் ஸ்பீக்கரில் கேட்டவன் "பேஸே காணோமேடா" என்றான். அதே மல்லியை வண்டியில் போட்ட ஆட்டோக்கார அண்ணன், "அடைக்குது தம்பி, வார்த்தை ஒன்னும் வெளங்கல" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகலப் போனின் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெம்பு கிடையாது. ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஊஃபரோ கிக்கையும் பேஸையும் ஒரே உறுமலாக ஆக்கிவிடும், அதற்குள் குரல் முங்கிவிடும்.

போன்காரன் பேச்சைக் கேட்டு பேஸை இன்னும் ஏற்றினால் ஆட்டோ கெட்டுப்போகும். ஆட்டோக்காரர் பேச்சைக் கேட்டு இறக்கினால் போனில் சுத்தமாக மறையும். இதற்கு வழி, பேஸின் அளவைத் தொடாமல் அதில் லேசாக டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் எஃபெக்ட், கலப்பது. 41-க்கு மேலே 82, 123 என்று வரும் மேலோசைகள் அப்போது தடிக்கும். அடியோசை ஸ்பீக்கரிலிருந்து வராவிட்டாலும் மேலோசைகளை வைத்தே காது அதை ஊகித்துக்கொள்ளும். கிக்குக்கும் பேஸுக்கும் ஆளுக்கொரு இடம் ஈக்யூவில் (அடி, மேல் ஓசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) ஒதுக்கியதும் ஊஃபரின் உறுமலும் தணிந்தது.

ஆனால் எனக்கு ஆட்டோதான் உசத்தி. காரணம், அண்ணன் வாயால் சொன்னதைவிடக் கையால் சொன்னது அதிகம். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் வழியில், கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நிற்கும்போது அவர் கட்டைவிரல் ஹேண்டில்பாரைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு "இன்னொருத்தர் அங்கிட்டு தள்ளி உக்காருங்க" என்றார். பேஸ் மட்டும் தனியாக வரும் இடத்தில் தானாகவே மறுபடி ஏற்றினார். இரண்டாவது சரணம் தொய்கிறது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஊர்க்காதுக்கு பேஸ் கிட்டார் ஒன்றும் அந்நியம் இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டே போகும். டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதைக் கேட்டு வளர்ந்த காது இது. 'ஃபங்க்' என்ற பெயர்தான் தெரியாது.

வாசிப்பில் என்ன குறை என்று தெரிய வேண்டுமானால் கோயில் திருவிழா, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடம்தான் போக வேண்டும். நான் பிடித்தவர் மூத்த பேஸ் வாசிப்பாளர். மல்லியா கனகாம்பரமா என்ற கேள்வியையே அவர் சீண்டவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டு, "தம்பி, ஒன்னுல அழுத்தம் பத்தல. மத்த எடத்துல நெறைய வாசிக்கிறீங்க, விரலை எடுங்க" என்றார். அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் ஆட்களை விரட்டியதும் இதற்காகத்தான். பாரின் முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும், மிச்சத்தில் என்ன விளையாட்டும் காட்டலாம்.

கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு வாசித்தபோது ட்ரம்மர் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் அப்படி அடிக்க ஆரம்பித்தார். அதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார்: "உங்ககிட்டதான் ட்ரம்மர் இருக்காருல்ல, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் ஒரே எடத்துல அடிக்கிறீங்க?" ட்ரம்ஸில் ஸ்நேர் விழும் இடத்திலெல்லாம் நானும் அடித்துக்கொண்டிருந்ததைத்தான் சொன்னார். நண்பர்கள், ஆட்டோ, எண்கள் எதிலிருந்தும் இந்தக் கருத்து வந்திருக்காது. ஒன்று மட்டும்: வாசிப்பாளர்கள் பாட்டு வரிகளைக் கவனிக்கவே மாட்டார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை.

ஆக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒருவரிடம்தான் கேட்க முடியும் என்றால் ரெக்கார்டிங்குக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் போங்கள், மிக்ஸ் முடிந்தபின் ஆட்டோ ஏறுங்கள். எங்கள் பாட்டில் கடைசியில் ஜெயித்தது கனகாம்பரம், டிஸ்டார்ஷன் கலந்த பேஸோடு. முன்னிசை எட்டிலிருந்து நாலு பாராகக் குறைந்தது. இரண்டாவது சரணத்தில் பாதியை வெட்டிவிட்டோம். எங்கள் கிட்டார்க்காரனுக்கு இன்னும் மல்லிதான் பிடிக்கும், அவனுடைய ஹெட்ஃபோன் அப்படி.

ஆர்கெஸ்ட்ராக்காரர்களைப் பங்குனி, சித்திரையில் தேடாதீர்கள். திருவிழா நேரம், ராத்திரி முழுக்கக் கச்சேரி, பகலில் தூக்கம். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் பகலில் வீட்டில் இருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு என்ன என்று முதலிலேயே பேசி, கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.