ஒரு மாற்றமா, முழுப் பனலா? பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனையில் நாங்கள் எடுத்த முடிவு

ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவுக்கு நாற்பதுகளிலேயே பெருங்குடலில் புற்றுநோய். காரணம் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரை நிலை என்று அங்கே கண்டுபிடித்தார்கள். கலம் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றான எம்எஸ்எச்2 அவருக்கு ஒரு பிரதியில் பிறவியிலேயே பழுது. மற்றப் பிரதி இருக்கும்வரை வேலை நடக்கும். குடலிலோ கருப்பையிலோ ஒரு கலத்தில் அதுவும் கெட்டால், பிழைகள் திருத்தப்படாமல் குவிந்து புற்றாக மாறலாம். பழுதான பிரதி பிள்ளைக்குப் போக 50 வீத வாய்ப்பு.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு இரண்டு வழி இருந்தது: சின்னம்மாவிடம் கண்ட அந்த ஒரு மரபணு மாற்றத்தை (பழுதை) மட்டும் தேடுவது, அல்லது பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பனல். இரத்தம் எடுப்பது இரண்டுக்கும் ஒன்றுதான், செலவு முதலாவதில் குறைவு. நாங்கள் முதலாவதைத் தெரிந்தோம். செலவுக்காக அல்ல, 'இல்லை' என்று வரும் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்காக.

குடும்பத்தில் ஓடும் மாற்றம் இன்னதென்று தெரிந்தபின் அது ஒருவரிடம் இல்லையென்றால், அந்தப் பழுதால் வரும் ஆபத்து அவருக்கு இல்லை, அவர் பிள்ளைகளுக்கும் அவர் வழியாகப் போகாது. அம்மாவுக்குத்தான் முதலில் பார்த்தோம். அவருக்கு இல்லாவிட்டால் எங்களுக்குப் பரிசோதனையே தேவைப்பட்டிராது. இருந்தது. எனக்கு இல்லை, தம்பிக்கு இருக்கிறது. அவன் இனி ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கொபி (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்யவேண்டும்.

பனலில் 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்றும் ஒரு முடிவு வரும். ஒப்பிடும் தரவுகளில் ஐரோப்பிய வம்சத்தினரே அதிகம் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. அதை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்ய முடியாது, பயம் மட்டும் மிஞ்சும்.

சரி, வெளிநாட்டு உறவினரிடம் அறிக்கை கேட்டால் முழு பிடிஎஃப்பாகக் கேளுங்கள். எங்களுக்கு முதலில் வட்ஸ்அப்பில் வந்த படத்தில், மாற்றம் எந்த இடத்தில் என்று சொல்லும் வரி தாளின் மடிப்புக்குள் போயிருந்தது. அந்த வரி இல்லாமல் ஆய்வுகூடத்தால் தேட முடியாது.

அப்பா பக்கத்துக்கு இந்த வழி சரிவராது. பெரிய மாமிக்கு மார்பகப் புற்றுநோய். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்ததோடு பழைய மருத்துவக் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன, எந்த மரபணு என்று தேடத் தடயமே இல்லை. அங்கே பனல்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அதையும் மாமிக்கே முதலில் செய்யவேண்டும்.